பத்துப் படத்தில் மிஞ்சிய ஒன்று

பெங்களூரில் இருக்கும் என் மகள் இந்தத் தடவை வந்தபோது எனக்கு ஒரு கேமரா கொண்டுவந்தாள். இளநீல நிறம், பிளாஸ்டிக். அமுக்கினால் தலை வழியாகப் படம் அப்போதே வெளியே வரும். விலை குறைந்த ரகம்தானாம். எனக்கு அது போதும். எங்கள் வீட்டில் எல்லோரும் போனில் எடுக்கிறார்கள். அந்தப் படமெல்லாம் போன்காரர்களுடையது. நான் பார்க்க வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்பதுதான் எனக்கு வராது.

அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் நான். இதில் படிக்க எழுத்தே இல்லை. சூரியன், மேகம், வீடு என்று குட்டிக் குட்டியாகப் போட்ட ஒரு வளையம். வெயிலில் நின்றால் சூரியன் பக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். அது பிடித்தது. பிடிக்காததும் உண்டு. பெட்டிக்குப் பத்தே படம். பிளாஷை நிறுத்தவே முடியாது. கிட்டே நின்றால் முகம் மாவு பூசினாற்போல் ஆகிவிடும். நாம் கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை ஓரிடம், படம் பிடிக்கிற லென்ஸ் வேறிடம் என்பதால், நடுவில் வைத்து எடுத்த செம்பருத்தி படத்தில் ஓரமாய்ப் போய் நின்றது. எத்தனை மிச்சம் என்று அது காட்டிய எண்ணை நம்பாமல், உலைமூடியைத் திறந்து பார்க்கிற வழக்கத்தில் பின்பக்கத்தைத் திறந்துவிட்டேன். வெளிச்சம் பட்டு இரண்டு படம் வெளுத்துப்போயிற்று. இப்படியாக ஒன்பது போய் ஒன்று நின்றது.

அது யாருக்கு என்று முடிவு செய்திருந்தேன். கோவளத்திலிருந்து பஸ்ஸில் வந்து தாம்பரத்தை ஒட்டிய எங்கள் சேலையூர் தெருவில் மீன் விற்கிறவளுக்கு. இருபது வருஷப் பழக்கம். நான் அதிகம் பேசாததால் என் பங்கையும் சேர்த்து அவளே பேசுவாள். முட்டி வலியால் அந்த வாரச் சனிக்கிழமையோடு வியாபாரத்தை நிறுத்துவதாகச் சொல்லியிருந்தாள். அவள் முகம் என் வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. செவ்வாய்க்கிழமை கேட்கப் போய், சங்கரா மீனை வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே வந்துவிட்டேன். வியாழக்கிழமையும் அப்படியே.

சனிக்கிழமை கேமராவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

"இன்னாக்கா அது, ஒளிச்சி வெச்சிகினு கீற?"

"போட்டோ பெட்டி. உன்னை ஒண்ணு எடுக்கலாமான்னு…"

"இத்த கேக்கவா ரெண்டு தபா மென்னு முழுங்கின? மீனு நாறுதுன்னு சொல்ல வெக்கப்படுறன்னுல்ல நெனச்சேன். நீயும் வந்து நில்லு."

மீன் வாங்க இறங்கி வந்த மாடி வீட்டு டீச்சர் கேமராவைத் திருப்பிப் பார்த்தார். லென்ஸுக்குப் பக்கத்தில் பொட்டளவு கண்ணாடி ஒன்று இருந்தது. அதைப் பார்த்தபடி கையை நீட்டி நம்மை நாமே எடுக்கலாமாம். எனக்கு அதுவரை தெரியாது.

"மூணு பேரும் வந்துடலாம். கிட்ட வாங்க," என்றார்.

மீன்காரி நகர்ந்து நின்றாள். "மூணு பேரா போட்டோ புடிக்கக் கூடாது டீச்சர். ஒண்ணு கொறஞ்சிடும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"உங்க சர்ச்சுல இல்லாம இருக்கும். எங்களுக்கு கீது."

நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் டீச்சரிடம் 'நீங்கள் எடுத்து மட்டும் கொடுங்கள்' என்று எப்படிச் சொல்வது? மீன்காரியே வழி கண்டுபிடித்தாள். முழங்கை நீள வஞ்சிரம் ஒன்றைத் தூக்கித் தோளுக்கு நேராகப் பிடித்தாள்.

"இத்தோட நாலு. எடு டீச்சர்."

வெளியே வந்த படத்தில் முதலில் வெறும் வெள்ளை. அப்புறம் மீனின் கண் வந்தது, பிறகு தலைமுடி, பிறகு நாங்கள். டீச்சர் பிளாஷில் வெளுத்திருந்தார். நான் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். மீன்காரி மட்டும் அச்சாய் அவளேதான். நான் கை நீட்டுவதற்குள் அவள் படத்தைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இது எனக்குக்கா. நீ வேற ஒண்ணு போட்டுக்கோ."

எடுத்த படத்துக்கு இன்னொரு பிரதி போட முடியாது. இந்தக் கேமராவின் பெரிய குறையே அதுதான். எனக்கு வேண்டும் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அதைப் போனிலாவது பிடித்து வைக்கலாமென்று டீச்சர் மாடிக்குப் போய்ப் போனை எடுத்து வருவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள்.

"பாக்கணும்னா கோவளம் வா. பஸ் வுடறான்ல," என்று போகும்போது சொன்னாள்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, தனியாகப் பஸ் ஏறிப் பழக்கமில்லாத நான் ஏறினேன். கோவளத்தில் இறங்கி, படகுகளுக்குப் பக்கத்தில் மீன் விற்கும் இடம் வரை போய், யாரிடம் எப்படி விசாரிப்பது என்று ஓரமாய் நின்றேன். மீன் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ தாம்பரத்து அக்காதான? போட்டோல வாயப் பொத்திகினு கீறியே."

வீடு வரை அவளே கூட்டிப்போனாள். வழியில் இன்னும் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மீன்காரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "வர இத்தினி நாளா?" என்று திட்டிவிட்டு, ஜன்னலில் செருகியிருந்த படத்தை எடுத்துக் கொடுத்தாள். வெயில் பட்டு அதற்குள் கொஞ்சம் நிறம் போயிருந்தது. வெகுநேரம் பார்த்தேன்.

"இதை நான் எடுத்துக்கறேன்," என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

"குட்க்க மாட்டேன். குட்த்துட்டா நீ மறுபடி வர மாட்ட."

படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வெயில் படாத இடமாக வைக்கச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. எண்ணெய்க் கிண்ணம் பக்கத்திலேயே இருந்ததால், உட்கார்ந்து அவள் முட்டியைத் தேய்த்துவிட ஆரம்பித்தேன்.