இருபத்து மூணு புள்ளி ஏழுல எங்க வீடு

மலேசியாவுல நான் கம்ப்யூட்டர் இஞ்சினியரு. சாட்டிலைட்ட வச்சு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எம்புட்டுத் தூரம்னு அளந்து சொல்றது என் வேலை. ஊர்ல இப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். அம்புட்டும் பொய்யி. எட்டாவது பெயிலு நானு. பாமாயிலுக்குச் செம்பனைக் குலை வெட்ட வந்தேன். அருவாக் கம்பத் தூக்கித் தூக்கி வலது தோளு எறங்கிப் போச்சு. இனிமே இவன் மரத்துக்கு ஆகமாட்டான்னு எங்கள மேய்க்கிற மண்டோரு என்னையக் கோலசிலாங்கூர் டவுன்ல இருக்க கிட்னி நோயாளிங்களுக்கு ஒத்தாசை பண்ற ஒரு தர்ம ஆபீசுக்கு எரவல் குடுத்துட்டாரு. கோடாலி எரவல் குடுக்குற மாதிரி. அங்க எனக்கு வேலை என்னன்னா, வீடு வீடாப் போயி வாசல்ல நின்னு போனத் தூக்கிப் பிடிக்கணும். போன்ல ரெண்டு நம்பரு வரும். அத ஆபீசுக்கு அனுப்பணும். இதுக்கு எதுக்குய்யா இஞ்சினியரு, ஒரு கொடிக்கம்பம் போதும்.

இந்த நாட்டுல எனக்கு இன்னும் பிடிபடாதது ஒண்ணு இருக்கு. யார்கிட்ட எந்த எடம் கேட்டாலும் ‘டெக்காட் லா’ம்பாங்க. பக்கந்தான்னு அர்த்தம். அதை நம்பி நடந்தோம்னா செருப்புத் தேஞ்சு கால் தேஞ்சு மிச்சம் முழங்கால்தான் போய்ச் சேரும். எங்க ஊர்ப்பக்கம் கூப்பிடு தூரம்னா கூப்பிட்டாக் கேக்கும். இங்க எஸ்டேட்டுச் சனம் ரெண்டு பீல்டு தாண்டிங்குது, வாய்க்காலுக்கு அந்தாண்டைங்குது. ஒரு பீல்டு எம்புட்டு நீளம்னு கேட்டா, நடந்து பாருங்குது. நடந்து பாத்துட்டேன். அதுக்கப்புறம் கேக்குறதில்ல.

ஆபீசுல கம்ப்யூட்டர் பாக்குறது கவிதா. புக்கிட் பெருந்துங்ல பொறந்த புள்ள. தாத்தா காலத்துல ரப்பருக்குப் பால்மரம் வெட்டுன குடும்பம். என்னைய அண்ணேன்னு கூப்பிடும், பாதிப் பேச்சு இங்கிலீசு. அது சொன்னத எனக்கு வெளங்குன மாதிரி சொல்றேன். கம்ப்யூட்டருக்குள்ள கட்டம் போட்ட பலகை ரெண்டு. ஒரு பலகையில நோயாளிங்க, ஒரு ஆளுக்கு ஒரு வரி. பேரு, எஸ்டேட்டு லயத்து வீட்டு நம்பரு, கடைசிக் கட்டத்துல நான் அனுப்புன அந்த ரெண்டு நம்பரு. அதுதான் பூமியில அவுக வீடு இருக்க எடம். இன்னொரு பலகையில டயாலிசிஸ் சென்டருங்க. ரெண்டு பலகையையும் கோத்து, இதுக்கும் அதுக்கும் எம்புட்டுத் தூரம்னு ஒரு வரியில கேட்டாப் போதும், கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள பதில் வந்துரும். அஞ்சு கிலோமீட்டருக்கு மேல இருக்கவுகளுக்கு இலவச வேன். உள்ள இருக்கவுக தானா வந்துக்கிறணும். இதுதான் ஆபீசு சட்டம்.

சும்மா இருந்த ஒரு மத்தியானம், என் வீட்டையும் போட்டுப் பாரு தங்கச்சின்னேன். ஊர்ல என் சம்சாரம் வாசல்ல நின்னு போன்ல எடத்த அனுப்புனா. கவிதா நோயாளிப் பலகையிலயே எனக்கும் ஒரு வரி போட்டு, சோத்துல ஒரு கையும் கீபோர்டுல ஒரு கையுமாத் தட்டுச்சு. சென்டருக்கும் என் வீட்டுக்கும் இருபத்து மூணு புள்ளி ஏழு. என் வீட்டு எடம் பலகைக்குள்ள போயிருச்சான்னு பாக்கத்தான் அது தட்டுனது. நம்பர அது கண்டுக்கிறல. நான் பாத்துக்கிட்டே நின்னேன். எங்க ஊர்லருந்து சிவகங்கை போற தூரம்யா அது. டவுன் பஸ்ஸுல ஒரு தூக்கம். நம்புனேன்னு சொல்ல வெக்கமா இருக்கு, நம்பலைன்னு சொல்லவும் மனசு வரல. ஏரோப்பிளேன்ல வந்தவன் நானு, எனக்கே தெரியணும். ஆனாலும் கம்ப்யூட்டரே சொல்லுதேன்னு ஒரு சபலம். சம்சாரத்துக்குப் போன் போட்டு, நம்ம வீடு இருபத்து நாலு கிலோமீட்டருதானாம்னேன்.  அவ, “அப்ப மத்தியானச் சோத்துக்கு வந்துருங்க”ன்னா.

அடுத்த வாரம் கவிதா சொந்தக்காரவுக கல்யாணத்துக்குப் போறதுக்கு முன்னால, அஞ்சுக்கு மேல யாருன்னு கம்ப்யூட்டரக் கேட்டு, வந்தத அப்படியே ஆபீசு முதலாளிக்கு அனுப்பிட்டுப் போயிருச்சு. அவரு மலாய்க்காரரு, ஐயாங்குற மாதிரி எஞ்சிக்னுதான் கூப்பிடுவோம், தங்கமான மனுசன். சுங்கை ஆயர் தாவார்லருந்து உலு யாம் வரைக்கும் அத்தன வீட்டு வாசல்லயும் நான் நின்னு போன் பிடிச்சேன். வந்தது ஒரே பேரு. என் பேரு.

எஞ்சிக் என் பக்கத்துல வந்து உக்காந்து, மலாய்ல மெதுவா என்னமோ கேட்டாரு. எனக்குத் தெரிஞ்ச மலாய் ‘போலே’ ஒண்ணுதான். முடியும்னு அர்த்தம். எல்லாத்துக்கும் போலே போலேன்னேன். அவரு கண்ணு கலங்கிப்போயி, என் கையிலருந்த தண்ணி வாளிய வாங்கி அவரே வேனக் கழுவுனாரு. எனக்கு கிட்னி போச்சுன்னு அவரு முடிவு பண்ணிட்டது மறுநாள்தான் எனக்குத் தெரியும். அன்னைக்கு முழுக்க ராசா மாதிரி உக்காந்திருந்தேன்.

சிரிப்பு அங்கேயே நின்னு போச்சு. மத்த எல்லாருக்கும் நீங்க கிட்டத்துலதான் இருக்கீங்க, வேன் கெடையாதுன்னு ஆபீசுலருந்து சொல்லிட்டாக. அதுல லெட்சுமியக்காவும் ஒண்ணு. அவுக வீட்டுக்காரரு, நான் மாமாம்பேன், எஸ்டேட்டு லோரி ஓட்டுனவரு. வாரம் மூணு தடவ ரத்தத்தச் சுத்தம் பண்ணியாகணும். கூட்டிட்டுப் போய்க்கிட்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன் ரவாங்ல பேக்டரி வேலைன்னு குடி போயிட்டான். வேன் வரும்னு நம்பி ஒரு மொற விட்டுட்டாக. நான் போறப்ப மாமா மொகம் உப்பி, கண்ணு கோடாட்டம் இருந்துச்சு. மூச்சு வாங்குறத மறைக்க என்கிட்டச் சோறு சாப்பிட்டியான்னு கேட்டாரு. அக்கா திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

“நீதான தம்பி எங்க வாசல்ல நின்னு போனத் தூக்கிக் காட்டுன. எங்க வீட்டக் கொண்டுபோயி எங்க வச்ச?”

நானே என்னைய எங்க வச்சிருக்கேன்னு தெரியாதவன்.  மாமாவ அன்னைக்கு எஞ்சிக் காருல கொண்டுபோய்ச் சேத்தோம். போலே போலேன்னு கெஞ்சினேன், அந்த மனுசனுக்கு வெளங்கிருச்சு.

கவிதா திரும்பி வந்ததும் தூரத்த எல்லாம் வரிசையா எடுத்துப் பாத்துச்சு. அக்கா வீட்டுக்குப் புள்ளி ஒண்ணு நாலு. கிலோமீட்டர்னா கூப்பிடு தூரம். கவிதா ரெண்டு கையாலயும் மொகத்த மூடிக்கிருச்சு. “டிகிரி அண்ணே. இது கிலோமீட்டரே இல்ல லா.” பூசணிக்காய்க் கீத்து மாதிரி பூமிய வகுந்து வச்சிருக்காகளாம், அந்தக் கீத்துக் கணக்கு இது. ஜியோகிராபின்னு வைக்க வேண்டிய கட்டத்த இந்தப் புள்ள ஜியோமெட்ரின்னு வச்சிருச்சு, கம்ப்யூட்டரு பூமியத் தட்டையான காகிதமா நெனச்சு அளந்துருச்சு. பூமி உருண்டைன்னு கம்ப்யூட்டருக்கு நான் சொல்லாம விட்டுட்டேனேன்னு கவிதா அழுதுச்சு. சொன்னாத்தான் தெரியுமா அதுக்கு, எட்டாவது பெயிலு எனக்கே தெரியுமேன்னேன். அழுதுக்கிட்டே சிரிச்சுச்சு.

கட்டத்த மாத்தித் திரும்பக் கேட்டுச்சு. எல்லாரும் அவுகவுக எடத்துக்குப் போயிட்டாக. அக்கா வீடு பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல. ஒவ்வொரு பேரா வேனுக்கு ஏறுது, பாக்க நல்லாருந்துச்சு. எல்லாருக்கும் மேல என் வரி. ரெண்டாயிரத்து அறுநூத்திச் சொச்சம்.

ஒரு வாரம் டவுன் பஸ்ஸு தூரத்துல இருந்த வீடு. திருத்துனது சரிதான், மாமா மொகத்தப் பாத்தவன் வேறென்ன சொல்வான். சம்சாரத்துக்கிட்ட மட்டும் இன்னும் சொல்லல.

இதையெல்லாம் அக்கா வீட்டு வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து எடது கையால போன்ல தட்டிக்கிட்டிருக்கேன். வேன் இன்னைக்குத்தான் மொத தடவ வரணும். வராதுன்னு அக்கா சொல்றாக. சொல்லிக்கிட்டே ரோட்டப் போயிப் பாத்துட்டு வர்றாக. மாமாவுக்குத் தலை சீவி முடிச்சாச்சு.

எங்க விட்டேன்? என் வரி. கவிதா கம்ப்யூட்டர் அம்புக்குறிய அது மேல கொண்டு போயி நிறுத்திட்டு, “இத எடுத்துரவா அண்ணே? நீங்கதான் பேஷண்ட் இல்லையே”ன்னு கேட்டுச்சு. அது கேட்டதுக்கு நான் என்ன சொன்னேன்னா,

இருங்க, ஆரன் அடிக்குது. வேன் வந்துருச்சு. டிரைவரு தூரத்து ஆள்லருந்து பேரு வாசிக்கிறாரு. மொதப் பேரு என்னுது. ஏறச் சொல்லிக் கூப்பிடுறாரு.

அக்கா உள்ள நின்னு சத்தம் குடுக்குறாக. “தம்பி, ஒன்னையத்தான். ஒங்க வீட்டுக்குப் பெறகு போய்க்கலாம், இப்ப வந்து மாமாவ ஒரு கை பிடி.”