தங்கச்சியும் நண்டும் என் தடிப்பும்

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் சேரும். அம்மா ஒரே வளவுக்குள் எனக்கொரு வீடும் தங்கச்சிக்கொரு வீடும் தந்தாள். வளவு இரண்டு பேருக்கும் பொது. நண்டுக் கறி மட்டும் எனக்கே சொந்தம். வாவி நண்டை நான் காய்ச்சினால் சொந்தக்காரர் சட்டியைச் சுற்றிக் குந்துவார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு அந்தப் பெயர்தான் சொத்து.

கடல் வந்து வீடுகளைக் கொண்டுபோன பிறகு, பள்ளிக்கூட முகாமில் ஈர விறகில் சமைத்தோம். அங்கேதான் முதன்முதலாக நண்டு தின்ற கையோடு எனக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடும் வீங்கியது. அதே சட்டியில் தின்ற தங்கச்சிக்கு ஒன்றுமில்லை.

“நீங்க தள்ளி இரிங்கக்கா, நான் காய்ச்சிறன்,” என்று அகப்பையை வாங்கிக்கொண்டாள்.

அகப்பையோடு என் பெயரும் போனது. என் கறிமேல் அவள் வைத்த கண்தான், அவளுடைய நாவூறுதான் என்று முடிவு கட்டினேன். வளவுக்குத் திரும்பியபின் நாவூறு கழிக்க வெள்ளிக்கு வெள்ளி செத்தல் மிளகாயும் உப்பும் வேப்பிலையும் தணலில் போட்டு, அந்தப் புகைக்குள்ளேயே இருந்தேன். நண்டு தின்னாத நாளிலும் தடித்தது. தடிக்கத் தடிக்க இன்னும் புகைத்தேன்.

நாட்டுச் சண்டை முடிந்த வருசம்தான் ஒரு டொக்டர் பிள்ளையிடம் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“தோலுக்குள்ள மாஸ்ட் செல் எண்டு காவல்காரர் இருக்காங்கம்மா. கடி, அரிப்பைக் கிளப்புற சரக்கை உள்ளுக்கு வச்சிருப்பாங்க. உங்கட காவல்காரர் நண்டை எதிரி எண்டு நினைச்சு அதைக் கொட்டுறாங்க. அவங்களுக்குள்ள ஒரு ஏற்பி இருக்கு. புகையில வாற இரசாயனத்தை அது பிடிக்கும். சிலது பட்டா காவல்காரரை அடக்கும், சிலது பட்டா உசுப்பி விடும். உங்களுக்குப் புகை உசுப்புது போல. நண்டு, புகை ரெண்டையும் விடுங்க.”

“அப்ப ஆரும் கண் வைக்கல்லயா?”

“கண்ணுக்கு அங்க வேலையில்லம்மா.”

நண்டையும் புகையையும் விட்டேன். தடிப்பு அடங்கி வந்தது. ஒரு வெள்ளி தங்கச்சி வேலியடியில் நின்று கேட்டாள்:

“என்னக்கா, புகையக் காணல்ல? ஆர்ட நாவூறக் கழிச்சீங்க எண்டு எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சீங்க?”

அவள் சிரித்துக்கொண்டே போய் நண்டுச் சட்டியை அடுப்பில் வைத்தாள். அடுப்புப் புகை என் பக்கம் வராதபடி, எட்டத்தில் இருந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கரைத்த புளியோடு என்னிடம் வந்தாள்.

“இவ்வளவு காணுமா அக்கா?”

கோப்பையைப் பார்த்தேன். அளவாகத்தான் இருந்தது.

“காணாது,” என்றேன்.