மச்சாள் மூட்டிய கரி

கரித்துண்டு இரண்டை எடுத்து, ஒன்றோடொன்று தட்டிக் காதருகே பிடித்துக் கேட்பாள் என் மச்சாள். கிண்ணென்று சத்தம் வந்தால்தான் சட்டியில் போடுவாள். மந்தமாகக் கேட்டால், இது இன்னும் விறகுதான் என்று ஒதுக்கிவிடுவாள். காலஞ்சென்ற என் கணவரின் தங்கை அவள். மாங்கேணியில் காடு வெட்டிக் கரி சுட்டுப் பிழைத்தவள். சுனாமியாய்க் கடல் வந்துபோன இரண்டு வருடத்தில் அந்தப் பக்கம் சண்டையும் வர, உடுத்த சேலையோடு ஆரையம்பதிக்கு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த கல்வீடு அது. சூறாவளிக்கும் நின்ற வீடு என்று எனக்குப் பெருமை உண்டு. ஆனால் கடல் தண்ணீர் உள்ளே நின்றதில் நிலையும் கதவும் ஊறிக் கோணிவிட்டன. சாத்தினாலும் விரல் நுழையும். மாரியில் வாவிக் காற்று நேரே அறைக்குள் வரும். மச்சாள் வந்த மாரியில்தான் என் மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பெண்பிள்ளை பிறந்தது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் பிள்ளை. உடம்புச் சூடு குறையவிடாதீர்கள் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான் என் வழக்கப்படி அறைக்குள் விறகு நெருப்பு வைத்தேன். ஈர விறகு, புகைதான் வந்தது. பிள்ளை இருமி இருமி முகம் கறுத்தது. மச்சாள் விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுச் சிரட்டைக்கரிக்கு மாற்றினாள். தாழ்வாரத்தில் வைத்து மூட்டி, கரி சிவந்து சாம்பல் பூத்த பிறகே சட்டியை உள்ளே கொண்டுவருவாள். இரண்டு நாளில் பிள்ளை பால் இழுத்துக் குடித்தது. மேற்குச் சன்னலில் ஒரு பலகை இல்லை. அந்தப் பொந்தை மட்டும் மூடக்கூடாது என்றாள்.

"விறகெண்டா கண்ணைக் குத்திச் சொல்லும்கா. கரி சொல்லாது."

என் வீட்டில் எதை மூடுவது என்று அவள் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பின்னேரம் மழை சாய்த்து அடித்தது. அவள் பக்கத்து வளவுக்குச் சிரட்டை பொறுக்கப் போன நேரம் பார்த்து, பொந்தில் சாக்கைத் திணித்தேன். கதவு இடைவெளிக்கும் பழஞ்சேலை வைத்தேன். கரிச்சட்டியோடு மகளும் பிள்ளையும் உள்ளே. சூடு நன்றாக நின்றது. திருப்தியோடு சமைக்கக் குசினிக்குப் போய்விட்டேன்.

கதவை உதைத்துத் திறக்கும் சத்தம் கேட்டு ஓடிவந்தேன். மச்சாள் பிள்ளையை ஒரு கையில் அணைத்து, மகளை மறுகையால் இழுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். மகள் நிற்கமுடியாமல் குடித்ததெல்லாம் சத்தி எடுத்தாள். பிள்ளை துவண்டு கிடந்தது. மழைத்துளி முகத்தில் பட்ட பிறகுதான் அது வீரிட்டு அழுதது.

வேலையால் வந்த மருமகன் சாக்கைத் தூக்கிப் பிடித்து, யார் அடைத்தது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மச்சாள் சொன்னாள்.

"நான்தான், மருமகன். குளிருக்கெண்டு அடைச்சிப்போட்டன்."

காட்டுப்புத்தி என்று தொடங்கி அவர் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு குசினிக்குள் கேட்டேன்.

"நான் நாளைக்குப் போறவள். நீங்க அவரோட இருக்கிற ஆள்."

சண்டை ஓய்ந்ததும் மாங்கேணிக்குத் திரும்பிப் போனாள். சில வருடத்தில் அங்கேயே கண்ணை மூடினாள். மருமகன் செத்தவீட்டுக்கு வரவில்லை, மகளும் வரவில்லை. நான் மட்டும் பஸ் ஏறிப் போய்வந்தேன்.

எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுதவராது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அந்தப் பிள்ளைதான். சாக்கைத் திணித்தேன் என்ற இடத்தில் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "எழுது" என்றேன்.