நாலாம் நம்பர் குட்டி குடித்த இரண்டு டோஸ்

அன்று காலை நாலாம் நம்பர் ஆட்டுக்குட்டி எழுந்திருக்கவில்லை. மற்றவை எல்லாம் தீவனத் தொட்டியில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைக் காகிதம் போல இருந்தது. தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கியது.

பன்னிரண்டு குட்டிகளில் அதுதான் திடமானது. தடுப்பு மருந்தும் குடித்திருந்தது. அதற்கு இப்படி ஆகக் கூடாது.

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றும் பதிவேட்டில் டிக் போடும்போது எனக்குக் கை ஒரு கணம் நின்றுதான் போடுகிறது.

1. கோரமண்டல் கொட்டகை

நான் அப்போது தற்காலிக லேப் டெக்னீஷியன். ஆட்டின் வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் நூல் போன்ற ஒரு புழுதான் எங்கள் எதிரி. அதன் லார்வாவுக்குக் கதிர்வீச்சு கொடுத்துப் பலவீனமாக்கி, குட்டிக்குக் குடிக்கக் கொடுத்தால் உடம்பு எதிர்க்கப் பழகிக்கொள்ளும். பிறகு நிஜப் புழு வந்தாலும் தாங்கும் என்று எங்கள் டாக்டர் நம்பினார். லார்வா பெங்களூரிலிருந்து ஃபிளாஸ்கில் ரயிலேறி வரும். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் நானும் சவரிமுத்துவும்தான்.

சவரிமுத்து கோரமண்டல் தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் கீழே இறங்கியவர். ரிட்டையர் ஆன பிறகு ஆடு வளர்த்தார். கொட்டகையும் குட்டிகளும் அவருடையவை. சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்குக் கொக்கிப்புழுப் பரிசோதனை உண்டு என்பதால் முதல் நாளே என்னைக் கேலி செய்தார்.

“இன்னா லேப்பம்மா, எங்க வயித்துல எண்ணி முடிச்சுட்டு ஆட்டு வயித்துக்கு வந்துட்டீங்களா?”

காதில் மாட்டும் நம்பர் வில்லைகள் வந்து சேரவில்லை. சவரிமுத்து பித்தளை வில்லைகளில் எண் அடித்து, கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டினார். “எங்களுக்கும் இப்டித்தாம்மா, பித்தளை டோக்கன். அது இல்லாம கீழ எறக்குற கேஜ்ல ஏத்த மாட்டான்.” எனக்கும் அது போதுமென்று பட்டது. டாக்டரும் சரி என்றார். முதல் தவறு அது. அதில் மூன்று பேருக்கும் பங்கு உண்டு.

ஆறு குட்டிகளுக்குத் தடுப்பு மருந்து, ஆறுக்கு வெறும் தண்ணீர். சில வாரம் கழித்துப் பன்னிரண்டுக்கும் வீரியமுள்ள லார்வாவை அளந்து கொடுக்க வேண்டும். அதன் பிறகு முடிவு தெரியும்வரை எந்தக் குட்டிக்கும் புழு மருந்து கொடுக்கக் கூடாது. யாருக்கு என்ன ஆனாலும்.

2. டோஸ் கொடுத்த நாள்

அன்று என் மகள் எஸ்தருக்கு மூன்றாம் நாள் காய்ச்சல். ஏழு வயது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். காலையில் நெற்றியைத் தொட்டபோது இருந்த சூடு உள்ளங்கையிலேயே இருந்தது.

சவரிமுத்து சாக்குத் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு குட்டியாகக் கொண்டு வருவார். முழங்காலுக்கு நடுவே இடுக்கி, சாக்கால் சுற்றி, தலையை மட்டும் என் பக்கம் நீட்டுவார். வில்லையைப் படிப்பேன். ஊசியில்லாத சிரிஞ்சை வாயோரத்தில் நுழைத்து அழுத்துவேன். டிக்.

ஒன்பதாம் நம்பர் வந்தது. அது தாயை இழந்த சோனிக்குட்டி. தண்ணீர் மட்டும் குடித்த கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் தாடை நனைந்திருந்தது. சிரிஞ்சைக் கண்டதும் பல்லை இறுக்கிக்கொண்டது, முன்பே ஒரு முறை பட்டதைப் போல.

“என்ன சவரி, வாயெல்லாம் ஈரம்?”

“தண்ணித் தொட்டியில வாய வெச்சிருக்கும். நீங்க ஊத்துங்கம்மா, பாப்பாவுக்கு ஜொரம்னீங்களே. சீக்கிரம் போங்க.”

தொட்டியைக் காலையிலேயே நான்தான் கவிழ்த்து வைக்கச் சொல்லியிருந்தேன். அது நினைவுக்கு வந்தது. வந்ததும் உண்மை, டிக் போட்டதும் உண்மை. மீதிக் குட்டிகளையும் முடித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினேன். எஸ்தர் தூங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் காய்ச்சல் இறங்கிவிட்டது.

3. பூஜ்யம்

மூன்று வாரம் கழிந்ததும் புழுக்கையைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் முட்டை எண்ணத் தொடங்கினோம். நாலாம் நம்பரில் எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தது. ஒன்பதாம் நம்பரில் ஒன்றுகூட இல்லை. மூன்று முறை பார்த்தேன். பூஜ்யம்.

டாக்டர் ஒன்பதைக் கையில் தூக்கிக் கொஞ்சினார். “இது பிறவியிலேயே எதிர்ப்பு உள்ள குட்டி போலிருக்கு. அபூர்வம். நாலாம் நம்பர்தான் புரியல. மருந்து குடிச்சும் இப்படியா? சரி, முடிவு வரைக்கும் பார்ப்போம்.”

முடிவு வரைக்கும் நாலு இருக்காது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு மறுநாள் காலைதான் அது படுத்தபடியே கிடந்தது. சவரிமுத்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கம்புக் கஞ்சியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“சவரி, உண்மையைச் சொல்லுங்க. அன்னைக்கு ஒன்பதுன்னு கொண்டு வந்தது எது?”

அவர் ஒளிக்கவே இல்லை. “இவன்தாம்மா. டோக்கனை மாத்திக் கட்னேன். அந்தச் சோனி ஒரு டோஸ் தாங்குமா, சொல்லுங்க? கீழ லெவல்ல கூட்டாளிக்கு ஒடம்பு முடியலன்னா அவன் பங்குக் கல்லையும் நாங்களே அள்ளுவோம். மேஸ்திரிக்கும் தெரியும், கண்டுக்க மாட்டான். இவன் பயில்வான். அதோட நீங்க காவல் மருந்து வேற குடுத்துக்கீறீங்க. ரெண்டா இருந்தாலும் தாங்குவான்னு நெனச்சேன்.” குட்டியின் வாயைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: “தாங்கணும் இல்லம்மா?”

எங்கள் மூவரில் அந்தத் தடுப்பு மருந்தை முழுசாக நம்பியவர் அவர்தான். அவரை நான் எப்படித் திட்டுவது?

நான் வாயைத் திறந்தால் நாலாம் நம்பர் சோதனையிலிருந்து விலக்கப்படும். விலக்கினால் அன்றே புழு மருந்து கொடுக்கலாம், பிழைக்கலாம். மூடிக்கொண்டிருந்தால் என் டிக் பத்திரமாக இருக்கும், வேலையும். தற்காலிகப் பணியாளரை வீட்டுக்கு அனுப்ப ஒரு வாய் வார்த்தை போதும். எஸ்தருக்கு அப்பா இல்லை. இதையெல்லாம் யோசித்தபடி அரை மணி நேரம் அந்தக் கொட்டகையில் நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு ரயில் ஸ்டேஷனுக்குப் போய் டாக்டருக்கு ட்ரங்க் கால் போடச் சொல்லி, ஈரத்தையும் தொட்டியையும்கூட மறைக்காமல் சொன்னேன்.

4. மற்ற பத்து

டாக்டர் மத்தியான வண்டியில் வந்துவிட்டார். முதலில் குட்டிக்கு மருந்து கொடுத்தார். கையைக் கழுவிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார்.

“ஈரத்தைப் பார்த்தீங்க.”

“பார்த்தேன் சார்.”

“தொட்டி கவிழ்ந்திருந்தது தெரியும்.”

“தெரியும் சார்.”

“அப்ப மத்த பத்து டிக்? சத்தியமா சொல்ல முடியுமா?”

சவரிமுத்து குறுக்கே வந்தார். “மத்ததெல்லாம் அது அதுக்கு அதுதான் சார். மாதா மேல ஆணை.”

டாக்டர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாக்குச் சுற்றைப் பார்த்திருந்தேன், வில்லையைப் பார்த்திருந்தேன். குட்டியைப் பார்க்கவில்லை. “முடியாது சார்” என்றேன்.

அவர் பேனாவை எடுத்து முழுப் பக்கத்தையும் குறுக்காக அடித்தார். ஒரு பருவத்து வேலை. கோபமாகக் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. காரணத்தை என் கையாலேயே கீழே எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் அதன் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

நாலாம் நம்பர் பிழைத்தது. ஆனால் பழைய உடம்பு வரவில்லை. என் வேலை போகவில்லை. அடுத்த பருவம் காதில் வில்லை மாட்டி, சாக்குத் தடுப்பை எடுத்துவிட்டு, வளர்ந்த ஆடுகளையும் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். வளர்ந்த ஆடுகள் தடுப்பு மருந்தால் ஓரளவு தாங்கின. பால் மறந்த சின்னக் குட்டிகள் தாங்கவில்லை. எதற்கு மிகவும் தேவையோ அதற்கு உதவவில்லை. டாக்டர் அதை அப்படியே எழுதி அனுப்பினார். சவரிமுத்துவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். “அப்ப தப்பு எம்மேல மட்டும் இல்ல” என்றார். சிரிக்கவில்லை.

நீங்கள் கற்றுக்கொள்ள இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. கண்ணில் பட்டதை அந்த நிமிஷமே எழுதுங்கள், அற்பமாகத் தெரிந்தாலும். இன்னொன்று: வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்று டோஸ் கொடுக்காதீர்கள். என்னிடம் வந்து சொல்லுங்கள். ஃபிளாஸ்கில் லார்வா இன்னும் ஒரு நாள் உயிரோடு இருக்கும். அன்றைக்கும் எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. ஒரு நாள் கேட்கத்தான் பயந்தேன்.