தகரத்தில் காய்ந்த கத்தரி விதை

அச்சங்குளத்தில் பட்டாசு கம்பெனியில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் வேலையில் ஈரம்தான் எதிரி. சுள்ளென்ற வெயிலில் காயாத சரக்கு நமத்துப்போகும். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

காரியாபட்டியில் இருக்கும் அக்கா கொடுத்த விதையில்தான் கொல்லையில் வரிக்கத்தரி போட்டிருந்தேன். அவ்வளவு கசப்பில்லாத காய் சந்தையில் கிடைக்காது. வீட்டை இடித்துக் கட்டியதில் அக்காவின் செடிகள் போய்விட்டன. "இனி ஓங்கிட்டதான் இருக்கு. எனக்கும் வெதை எடுத்து வையி" என்றாள்.

இரண்டு காய்களை மஞ்சளாகப் பழுக்கவிட்டு விதை எடுத்தேன். காய்ப்பு ஓய்ந்த செடிகளைப் பிடுங்கிப்போட்டேன். குளியலறைத் தகரக் கூரையில், சித்திரை வெயிலில் மூன்று நாள் விதையைக் காயவைத்தேன். கலகலவென்று காய்ந்ததில் எனக்குத் திருப்தி. பாதியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை விதைத்தேன்.

பதினைந்து நாள் தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. நர்சரிக்காரரிடம் கேட்டேன். "தகரத்துல போட்டு வறுத்துட்டீகளேம்மா. நெழல்லதான காயணும்" என்றார்.

அந்த வாரமே அக்கா போன் செய்தாள். "ஒண்ணுகூட முளைக்கலையே. இன்னும் இருக்கா?"

"இல்லக்கா."

இப்போது நிழலில் துணி விரித்துத்தான் காயவைக்கிறேன். நாலைந்து விதையை ஈரத்துணியில் முடிந்து, முளைப்பதைப் பார்த்த பிறகே பழைய செடியைப் பிடுங்குகிறேன். எல்லாம் கடையில் வாங்கிய ரகம்.

"ஏதாச்சும் டப்பாவுல ஒண்ணு ரெண்டு கெடக்கான்னு பாரு" என்று அக்கா இன்னமும் சொல்கிறாள். இல்லையென்று தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் தேடத்தான் செய்கிறேன்.