இரண்டு பேரும் ஒரே அறையில்

இந்தோனேசியாவின் செமராங் நகரத்து வங்கி ஒன்றில், திருட்டுத்தனமாகக் கணினிக்குள் நுழையப் பார்ப்பவர்களைக் கண்காணிக்கும் பிரிவில் ரெத்னோவுக்கு வேலை. அந்த அறையில் அவள் ஒருத்திதான் பெண். ஆண்கள் யாரும் கெட்டவர்களில்லை. அக்கா, அக்கா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் கூட்டத்துக்கு லும்பியா பலகாரம் வாங்க வேண்டுமென்றால் எல்லோருக்கும் அவள் ஞாபகம்தான் வரும். வெளியூர் வங்கிக் கிளையில் ஏதாவது நடந்து ஆள் அனுப்ப வேண்டுமென்றால் வராது.

அதுகூடப் பெரிதில்லை. சந்தேகமான தடயம் ஒன்று கண்ணில் பட்டதும், சட்டென்று திரும்பி, “ஏய், இதப் பாத்தியா?” என்று கேட்க ஆள் இல்லை. அப்போதெல்லாம் தோழி பலுபியை நினைத்துக்கொள்வாள்.

கல்லூரியில் கணினிப் பூட்டை உடைக்கும் போட்டிகளுக்கெல்லாம் இருவரும் ஜோடியாகத்தான் போவார்கள். பலுபி மூக்கால் முகர்வதுபோல ஓட்டையைக் கண்டுபிடிப்பாள். ரெத்னோ பொறுமையாக அதன் வழியே போய்ச் சேருவாள். வேலையும் ஒரே இடத்தில் என்று பேசி வைத்திருந்தார்கள். பலுபி கல்யாணமாகி, கணவனின் எண்ணெய் ஆலை வேலைக்காகக் கடல் தாண்டி பாலிக்பாப்பானுக்குக் குடிபோனாள். பிறகு குழந்தை பிறந்தது. பேச்சு பேச்சோடு நின்றது.

போன வருஷம் பிரிவில் ஓர் இடம் காலியானதும் ரெத்னோ அவளைப் படாதபாடுபட்டு விண்ணப்பிக்க வைத்தாள். பலுபியின் கணவனும் மாற்றல் கேட்க ஒப்புக்கொண்டான். தேர்வில் பலுபிதான் முதல். நேர்காணல் கணினித் திரை வழியாக நடந்தது. எல்லோரும் ‘பாக்’ (ஐயா) என்று கூப்பிடும் மேலாளர் ஹர்தோனோ கேட்டார்:

“வேலைக்கு நேரங்காலம் கிடையாதும்மா. பொண்ண யாரு பாத்துப்பா? வீட்டுக்காரர் விடுவாரா?”

“போன தடவ சேர்ந்தவருகிட்ட, சம்சாரம் விடுவாங்களான்னு கேட்டீங்களா, பாக்?” என்றாள் பலுபி சிரித்துக்கொண்டே.

ஹர்தோனோவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெத்னோவும் விடவில்லை. “அத அவ பாத்துக்குவா, பாக். வேலையப் பத்திக் கேளுங்க.”

ஹர்தோனோவும் சிரித்தார். இடம் பாண்டுங்கிலிருந்து வந்த ஒருவனுக்குப் போனது.

அதன்பின் பலுபி மாதக்கணக்கில் பேசவில்லை. கூப்பிட்டால், “சோறு பொங்குதுடி, அப்புறம் பேசறேன்” என்பாள். அந்த அப்புறம் வரவேயில்லை.

ஒரு நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். குரலில் பழைய பரபரப்பு.

“ரெத்னோ, பள்ளிக்கூட அம்மாங்க குழுவுல ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துருக்கு. பத்திரிகையே இல்ல, திருட்டு செயலி! பக்கத்து வீட்டு யூனி தொறந்துட்டா. அவளுக்கு வர்ற ரகசிய எண்ணெல்லாம் எவனுக்கோ போகுது. கணக்கு உங்க வங்கிலதான்.”

ரெத்னோ முதலில் யூனியின் கணக்கை முடக்கச் செய்தாள். பிறகு இருவரும் காதில் கைபேசியோடு உட்கார்ந்தார்கள். பலுபி அந்தச் செயலியைப் பிரித்துப் பார்த்து, திருடிய எண்கள் போய்ச் சேரும் முகவரியைச் சொன்னாள். அதை வைத்து ரெத்னோ தேடியபோது இதே வலையில் விழுந்த வாடிக்கையாளர்கள் வரிசையாகக் கிடைத்தார்கள். பணம் கைமாறுவதற்குள் அந்தக் கணக்குகளையும் முடக்கினார்கள்.

“மக்கு! கடவுச்சொல்ல உள்ளேயே எழுதி வச்சிருக்கான்டி!” என்றாள் பலுபி.

“நீ மட்டும்? காலேஜ்ல மூணாம் வருஷம் நீ என்ன பண்ணேன்னு சொல்லட்டுமா?”

ரெத்னோ வாய்விட்டுச் சிரித்தாள். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அங்கே அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

“ஐயோ, லாரஸ கூப்பிடப் போகணும். பள்ளிக்கூடம் விட்டுருக்கும்” என்றாள் பலுபி, மகளின் நினைவு வந்து திடீரென்று. இணைப்பு அறுந்தது.

அறிக்கையில் ஹர்தோனோ, ‘வெளியாள் ஒருவர் அளித்த தகவல்’ என்று எழுதியிருந்தார்.

“வெளியாளுக்குப் பேரு இருக்கு, பாக். நீங்க நேர்காணல் பண்ணவதான்.”

அவர் அவளைப் பார்த்தார். பலுபியின் பெயரைச் சேர்த்தார். அவ்வளவுதான். வேலைக்குக் கூப்பிடவில்லை, இப்போது காலியிடமும் இல்லை.

அந்த வார இறுதியில் ரெத்னோ கூப்பிட்டபோது பலுபி உடனே எடுத்தாள்.

“அடுத்த தடவ இடம் வந்தா சொல்லட்டுமா?”

மறுமுனையில் குழந்தை ஏதோ கேட்டது. பலுபி அதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

“வருவேன்னு சொல்ல மாட்டேன்டி. ஆனா சொல்லு. சொல்லாம மட்டும் இருந்துடாத.”