எருமைகளை விற்ற வாரம்

என் மாமியார் அங்கம்மாள் அயர்லாந்து ஏரியில் படகில் போய்க்கொண்டிருந்த வாரத்தில், மல்லசமுத்திரம் பக்கத்தில் அவருடைய இரண்டு எருமைகளையும் அவர் பெற்ற மகன்களே விற்றுவிட்டார்கள். அந்த மகன்களில் மூத்தவர் என் வீட்டுக்காரர் ஆனந்தகுமார். அவர் பெயரை மூடி மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. அத்தைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாமே, பாதியிலேயே திரும்பிவிட்டாராமே என்று சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். குளிராம். கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தையின் இளைய மகன் நடக்கப் பழகுவதற்குள் மாமா லாரி விபத்தில் போய்விட்டார். அத்தை பக்கத்துக் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போனார். சேர்த்த காசில் ஓர் எருமை வாங்கினார். தயிர் கடைந்து வெண்ணெய் எடுத்து, தூக்குப்போசியில் போட்டு, பஸ் ஏறி ராசிபுரம் நெய்க்கடைக்குக் கொண்டுபோவார். எடையில் கை வைத்தால் கடைக்காரரைத் தெருவே கேட்கும்படி ஏசிவிட்டுத்தான் திரும்புவார். அந்த வெண்ணெயில்தான் ஆனந்தகுமார் நாமக்கல் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் படித்து, இன்ஜினியராகி, டப்ளினில் போய் உட்கார்ந்தார். இளையவர் குமரகுரு லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்ததும் அந்த வெண்ணெயில்தான்.

பையன்கள் தலையெடுத்த பிறகும் அத்தை எருமையை விடவில்லை. மூத்தவர் அனுப்பும் பணத்தைத் தொடவே மாட்டார். மொய் வைப்பதானாலும் மாத்திரை வாங்குவதானாலும் பால் காசுதான். போன வருஷம் சாணியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. உடனே மகன்கள் இரண்டு பேரும் எருமைகளை விற்கச் சொல்லி நச்சரிக்க ஆரம்பித்தார்கள். "உழுந்தது நானு. அதுக என்ன பண்ணுச்சு?" என்று அத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். இடுப்பு மட்டும் காரணமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மகன் வெளிநாட்டில், அம்மா சாணி அள்ளுகிறாள் என்று ஊரில் நாலு பேர் பேசியது என் வீட்டுக்காரரை உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த ஜூனில் அவர் அம்மாவுக்கு டிக்கெட் போட்டார். ஏரிப் பக்கம் ஒரு வாரம் படகெடுத்துச் சுற்றலாம் என்றார். அத்தை வரமாட்டேன் என்றார். பெரிய எருமை நிறைசினையாக இருந்தது, ஆனிக் கடைசியில் கன்று போடும். அதற்கு முன்னால் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று மூத்தவர் சொன்னார். தானே தினமும் வந்து தீவனம் வைப்பதாகக் குமரகுரு தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். கன்று போடும்போது நான் கூட இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என்று சொல்லி அத்தை விமானம் ஏறினார். நானும் நம்பினேன். டப்ளின் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து வந்து, படகில் அத்தைக்குக் குளிருமே என்று கம்பளிக்குக் கடை கடையாக அலைந்தேன், மடச்சி.

லீட்ரிம் என்கிற பகுதியில் ஷானன் ஆற்றில் படகை வாடகைக்குத் தருகிறார்கள். ஓட்ட லைசென்ஸ்கூட வேண்டாம். ஆறு கொஞ்ச தூரம் போய் ஏரியாக அகலும், மறுபடி ஆறாகும். நடுநடுவே பெரிய கதவுகள் வரும். படகை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை ஏற்றி மேல் மட்டத்துக்குத் தூக்கிவிடுவார்கள். அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கதவு வருகிறதென்றால் முதல் ஆளாக முன்னால் போய் நின்றுகொள்வார். மழை தூறினாலும் உள்ளே வரமாட்டார். சாயங்காலம் முடிவேனா என்று நீண்டுகொண்டே போக, இந்த ஊர்க் கோழி எப்போதுதான் அடையும் என்று கேட்டார். கரை நெடுகப் புல்லும் நாணலுமாக இருந்தது.

"இத்தனை தண்ணி கெடக்குது. ஒரு எருமெ படுத்திருக்கக் காணமே அம்மிணி" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து படகின் பின்பக்கம் போனார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அத்தை தினமும் ஒரு தடவை வீடியோவில் எருமைகளைப் பார்த்துவிடுவார். முதலில் குமரகுரு ஒழுங்காகக் காட்டினார். ஒருநாள், மாடு கட்டும் கொட்டகைக்குள் நின்றுகொண்டு, எருமைகளைக் காட்டாமல் படகைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தார். அதுகள் எங்கே என்று அத்தை கேட்டார். ஓடையோரம் புல் நன்றாக இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் கட்டியிருக்கிறேன் என்றார் அவர். அத்தை போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். குமரகுருவின் தோளுக்குப் பின்னால், சுவர் ஆணியில், இரண்டு எருமைகளின் கயிறும் சுருட்டி மாட்டியிருந்தது.

"கவுறு ரெண்டும் ஊட்டுல இருக்குது. எதுல கட்டுன?" என்றார் அத்தை.

குமரகுரு சட்டென்று அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்துதான் பிடித்துப்போக வேண்டும். பழைய கயிறும் சேர்ந்து போனால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம். பெற்றவளை ஊரை விட்டு அனுப்பிவைத்துத் திருட்டு வியாபாரம் செய்கிற ஆளுக்கு, லட்சுமி மட்டும் வீட்டிலேயே இருக்க வேண்டுமாம். அவிழ்த்துப் பத்திரமாக மாட்டி வைத்திருக்கிறார். என்ன பக்தி பாருங்கள்.

அத்தை மூத்த மகன் பக்கம் திரும்பினார். அவர் முகமே சொல்லிவிட்டது. முதலில், உங்கள் இடுப்புக்காகத்தான் என்றார். நிறைசினையாக இருக்கும்போதுதான் நல்ல விலை வரும், அதனால்தான் இப்போதே முடித்தோம் என்றார். இனிமேல் எங்களோடு இங்கேயே நிம்மதியாக இருங்கள் என்றார். எல்லாவற்றையும் அத்தை கேட்டு முடித்தார்.

"அதுகள யாவாரிகிட்டப் புடிச்சுக் குடுத்துட்டீங்க. என்னைய எந்தச் சந்தைக்கு ஓட்டியாந்திருக்கற?"

பிறகு நான்தான் கத்தினேன். ஏரி முழுக்கக் கேட்டிருக்கும், கேட்கட்டும். அன்று காலையில்தான் என் வீட்டுக்காரர் அத்தையைப் படகின் முனையில் நிறுத்திப் படமெடுத்து, அம்மாவின் கனவுப் பயணம் என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். அவருடைய அம்மா படகைப் பற்றி எந்தக் காலத்தில் கனவு கண்டார்? நீங்கள் படமெடுத்தபோது அங்கே எருமைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் பிரவீனா. அதனாலதான் அம்மாவச் சிரிக்க வெச்சேன்."

நல்ல காரியம் செய்தவர் மாதிரிதான் சொன்னார். கையிலிருந்த தட்டை ஏரியில் வீசினேன். அடுத்த துறையில் படகை நிறுத்தச் சொல்லி, அத்தையைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். லீவு சொல்லி, டிக்கெட்டை மாற்றி, நானே அவரோடு ஊருக்கு வந்தேன். விமானத்தில் அத்தை சாப்பாட்டைத் தொடவே இல்லை.

குமரகுரு பட்டறையை விட்டு வீட்டுப் பக்கமே வரவில்லை. வாங்கிப்போன தரகர் மாதேஸ்வரனை நானும் அத்தையும் தேடிப் பிடித்தோம். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது, மகன் விற்றார், அவர் வாங்கினார். சின்ன எருமை கை மாறிக் கேரளாப் பக்கம் லாரியில் போய்விட்டது என்றார். அதற்கு மேல் அத்தை அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பெரியது ஆத்தூரைத் தாண்டி ஒரு தோட்டத்து வீட்டில் இருப்பதாகச் சொன்னார்.

என்ன விலை சொன்னாலும் திருப்பி வாங்கிவிடுவது என்று சொல்லிக்கொண்டேதான் அத்தை பஸ் ஏறினார். அந்த வீட்டுக்காரி அறிவுச்செல்வி, என் வயதுதான் இருக்கும். வாசலிலிருந்து அத்தை குரல் கொடுத்ததுமே எருமை தலையைத் தூக்கிக் கத்தியது. முந்தின நாள் விடியற்காலையில் கெடேரி, அதாவது பெண் கன்று, போட்டிருந்தது. அத்தை கிட்டே போய் மடியைத் தடவிப் பார்த்தார், கன்றின் வாயைத் திறந்து பார்த்தார். நஞ்சுக்கொடி ஒழுங்காக விழுந்ததா என்று கேட்டார். விழாமல் ரொம்ப நேரம் இழுத்துக்கொண்டிருந்ததாம், தன்னந்தனியாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. வீட்டுக்கு வாங்கிய முதல் எருமை என்றார்.

அறிவுச்செல்வி சீம்பால் காய்ச்சி இரண்டு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, எருமை கன்றை நக்கிக்கொடுப்பதைப் பார்த்தார். விலைப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுக்கச் சொல்லி நான் கையைத் தொட்டேன், தலையை ஆட்டிவிட்டார். சீம்பாலை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, கன்றுக்குப் பூச்சி மருந்து எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆனந்தகுமார் என் போனுக்கு அழைத்தார். அம்மா கோபம் தணிந்தாரா என்று கேட்டார். அத்தை என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"கன்னு போட்டிருக்குது. கெடேரி. அடுத்தவிய ஊட்டுல."

அவ்வளவுதான் சொன்னார், போனை என்னிடம் நீட்டிவிட்டார். மகன் மறுபடி அழைத்தார். நானும் எடுக்கவில்லை.